கன்று வீசிய மாடு... காய்ச்சலில் விழுந்த வீடு!

ஏழு மாதச் சினை. நேற்று இரவு வரை மாடு தீவனம் எடுத்தது, அசை போட்டது, ஒரு குறையும் தெரியவில்லை. விடியற்காலை கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், செத்த கன்று தரையில் கிடக்கிறது. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்குகிறது. 'கண் திருஷ்டி', 'பக்கத்து மாடு முட்டியிருக்கும்', 'கழனித் தண்ணியில ஏதோ கலந்துடுச்சு' என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வீட்டுக்காரர் கையில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு நஞ்சை இழுத்துப் போடுவார். வீட்டம்மா கொட்டகையைக் கூட்டிக் கழுவி விடுவார். செத்த கன்று கொல்லைப்பக்கம் போகும். மீதியை நாய்கள் பார்த்துக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வரும். காலையில் இருக்காது, சாயங்காலம் ஏறும். ராத்திரியில் சட்டை நனையும் அளவுக்கு வேர்க்கும். இடுப்பும் மூட்டும் கழன்று விழுவதுபோல வலிக்கும். டைபாய்டு, மலேரியா, டெங்கு என்று வரிசையாகப் பரிசோதனை நடக்கும். எதிலும் பிடிபடாது. மாத்திரை போட்டால் குறைந்து, பத்து நாளில் மறுபடியும் வரும். 'உங்க வீட்டுல மாடு இருக்கா? சமீபத்துல கன்னு வீசுச்சா?' என்ற கேள்வி எல்லா மருத்துவமனையிலும் எழுவதில்லை. யாரும் கேட்காததால் இவரும் சொல்வதில்லை.

மாடு வளர்க்கும் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை இது. செத்த கன்றும் விடாத காய்ச்சலும் ஒரே கிருமியின் வேலையாக இருக்கலாம். அந்தப் பாக்டீரியாவின் பெயர், 'புரூசெல்லா'. மாட்டில் அது உண்டாக்குவது கன்று வீச்சு நோய். மனிதரில் உண்டாக்குவது விட்டு விட்டு வரும் காய்ச்சல். இரண்டுக்கும் மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான், 'புரூசெல்லோசிஸ்'.

கருப்பையைத் தேடிப் போகும் கிருமி

புரூசெல்லாவில் பல இனங்கள் உண்டு. மாடு, எருமையைத் தாக்குவது 'புரூசெல்லா அபார்டஸ்'. ஆடுகளைத் தாக்குவது 'புரூசெல்லா மெலிட்டென்சிஸ்'. மனிதரிடம் கடுமையான நோயை உண்டாக்குவதில் ஆட்டு இனம்தான் முன்னால் நிற்கிறது. பன்றிக்கும் நாய்க்கும் தனித்தனி இனங்கள் இருக்கின்றன.

தீவனம், தண்ணீர் வழியாகவோ, வேறொரு மாடு வீசிய கழிவை நக்குவதாலோ இந்தக் கிருமி மாட்டின் உடலுக்குள் போகிறது. முதலில் நிணநீர்க் கணுக்களில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழும் தந்திரம் இதற்குத் தெரியும். அதனால் மாட்டுக்குக் காய்ச்சல் தெரியாது, பசி குறையாது. வெளியில் இருந்து பார்த்தால் நல்ல மாடு.

மாடு சினையானதும் நிலைமை மாறுகிறது. சினை வளர வளர, கருப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் 'எரித்ரிட்டால்' என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் சேர்கிறது. புரூசெல்லாவுக்கு அது விருந்து. கிருமி அங்கே போய்ப் பல்கிப் பெருகி, நஞ்சுக்கொடியைப் புண்ணாக்குகிறது. தாயிடம் இருந்து கன்றுக்குப் போக வேண்டிய சத்தும் பிராணவாயுவும் தடைப்படுகின்றன. பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மாடு கன்று வீசுவது இதனால்தான். வீசிய பிறகு நஞ்சு எளிதில் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கும் இதுவே காரணம். காளைகளில் விதைப்பை வீக்கம், சில மாடுகளில் முழங்கால் மூட்டில் நீர்க்கட்டி போன்றவையும் வரலாம்.

பலரையும் ஏமாற்றுவது அடுத்த கட்டம். ஒருமுறை வீசிய மாடு, அடுத்த சினையில் பெரும்பாலும் நிறை மாதத்தில் கன்று போட்டுவிடும். 'போன தடவை ஏதோ நேரம் சரியில்லை' என்று வீட்டில் மறந்துவிடுவார்கள். ஆனால், கிருமி மாட்டை விட்டுப் போயிருக்காது. ஒவ்வொரு ஈற்றிலும் பனிக்குட நீரிலும் நஞ்சிலும் வெளியேறும். மடியில் தங்கிப் பாலிலும் வரும். பார்க்க நன்றாக இருக்கும் அந்த மாட்டிடம் இருந்துதான் கொட்டகையில் உள்ள மற்ற மாடுகளுக்குப் போகிறது.

ஆட்டுப்பாலில் பிடிபட்டது

நன்றாகத் தெரியும் கால்நடையில்தான் இந்த நோய் ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆனது. மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவில், பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் விடாத காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1887-ம் ஆண்டு டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலில் இருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரில் இருந்துதான் புரூசெல்லா என்ற பெயர் வந்தது. ஆனால், கிருமி எங்கிருந்து வருகிறது என்பது மேலும் 18 ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை.

1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் ஜாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். அந்தக் காலத்தில் மால்டாவில் ஆட்டு மந்தையைத் தெருத்தெருவாக ஓட்டி வந்து, வாங்குபவர் வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். 'கண் முன்னே கறந்த பால்' என்ற நம்பிக்கை. ஒரு நோயும் இல்லாததுபோல நின்ற அந்த ஆடுகளில்தான் கிருமி இருந்தது. அதே ஆண்டு மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில், பச்சைப்பாலைக் குடித்த மாலுமிகள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். 1906-ல் ராணுவத்துக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. வீரர்களிடையே காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பச்சைப்பாலை விடாத ஊர் மக்களிடம் நோய் தொடர்ந்தது.

மாட்டின் கன்று வீச்சுக்குக் காரணமான கிருமியை 1897-ல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் கண்டறிந்திருந்தார். ஆனால், அது மாட்டோடு நின்றுவிடும் நோய் என்றே உலகம் நினைத்தது. ஆட்டுக் கிருமியும் மாட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918-ல் எழுதியவர், அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஆலிஸ் எவன்ஸ் என்ற பெண் ஆய்வாளர். காய்ச்சாத பசும்பாலும் மனிதருக்கு ஆபத்து என்றார். பலரும் நம்பவில்லை. பால் தொழிலில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1922-ல் ஆய்வகத்தில் அந்தக் கிருமி அவரையே தொற்றியது. விட்டு விட்டு வந்த நோயோடு சுமார் 20 ஆண்டுகள் போராடினார். இதில் கொடுமை என்னவென்றால், அவருக்கு வந்தது உடல் நோயே இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவர்கள் சொன்னதுதான். நோயைக் கண்டுபிடித்த ஆய்வாளருக்கே அந்த நிலை. கொட்டகையில் வேலை செய்பவரின் காய்ச்சலை 'அலுப்பு' என்று தள்ளிவிடுவதில் வியப்பில்லை.

நம் வீடுகளில் கைதான் வாசல்

தமிழ்நாட்டில் பாலைக் காய்ச்சிக் குடிப்பதுதான் பழக்கம். அந்த ஒரு பழக்கம் பெரிய காவல். பாலைப் பொங்கக் காய்ச்சினால் புரூசெல்லா செத்துவிடும். பால் பண்ணைகளில் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்துப் பதப்படுத்தினாலும் செத்துவிடும். ஆனால், பாலில் காக்கும் நாம், கையில் கோட்டை விடுகிறோம்.

வீசிய கன்று, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் ஆகியவற்றில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் இருக்கும் சிறு வெட்டு, முள் கீறல், நகக்கண் புண் வழியாக உள்ளே போகும். முகத்தில் தெறித்தால் கண் வழியாகப் போகும். கொட்டகையை வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் நுண்துளி மூச்சு வழியாகவும் போகும். அதனால்தான் மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்கள் ஆகியோரை இந்த நோய் அதிகம் தேடி வருகிறது. தொற்றிய நாளில் இருந்து அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்குள் கன்று வீசிய சம்பவமே மறந்துபோயிருக்கும்.

மாடு நல்லபடியாகக் கன்று போட்டால், நஞ்சை ஓலைப்பெட்டியிலோ வைக்கோலிலோ சுற்றி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நாய் இழுக்காமல் இருக்க அது ஒரு வழி. ஆனால், கன்று வீசிய மாட்டின் நஞ்சை மரத்தில் கட்டக் கூடாது. காக்கை கொத்தி வேறு இடத்தில் போடும். கீழே சொட்டும் நீர் மேய்ச்சல் புல்லில் விழும். நேரடி வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சாகும் இந்தக் கிருமி, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அதனால் புதைப்பதுதான் பாதுகாப்பு.

கன்று வீசிய அன்று செய்ய வேண்டியவை

கன்று வீசுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, சில வைரஸ்கள், பூஞ்சணம் பிடித்த தீவனம், அடிபடுதல் என்று பட்டியல் நீளும். எது காரணம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, பரிசோதனை முடிவு வரும் வரை இது புரூசெல்லாதான் என்று எண்ணி நடப்பதே நல்லது.

* கன்றையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாதீர்கள். முழங்கை வரை வரும் பிளாஸ்டிக் கையுறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டுக்கு மேல் கட்டிக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

* கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. இந்தத் தொற்று கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கலாம்.

* நஞ்சு விழவில்லை என்றால் நீங்களே இழுக்க வேண்டாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி சேவையின் உதவியைக் கேட்கலாம்.

* மருத்துவர் வரும் வரை கன்றை நாய், காக்கை நெருங்காதபடி மூடி வையுங்கள். கன்றின் வயிற்றுத் திரவம், நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம் ஆகியவற்றில் அவர் மாதிரி எடுப்பார். மாதிரி எடுத்த பிறகே புதைக்க வேண்டும்.

* நாய், நரி தோண்ட முடியாத ஆழத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கிணறு, வாய்க்கால், போர்வெல் பக்கத்தில் வேண்டாம். மாடு படுத்திருந்த வைக்கோலையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

* தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஊறவிட்டு, பிறகு கழுவுங்கள். எடுத்த உடனே வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

* வீசிய மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். ஒழுக்கு முற்றிலும் நிற்கும் வரை மற்ற மாடுகளோடு சேர்க்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை எளிமையானது. இளஞ்சிவப்பு நிறக் கரைசலோடு ஒரு சொட்டு ரத்த நீரைக் கலப்பார்கள். தொற்று இருந்தால் சில நிமிடங்களில் குருணை குருணையாகத் திரியும். பால் கொள்முதல் நிலையங்களில் பாலை வைத்தே பார்க்கும் 'வளையச் சோதனை'யும் உண்டு. சாயம் ஏற்றிய கரைசலைப் பாலில் கலந்து வைத்தால், தொற்று இருக்கும் பாலில் மேலே ஏறும் ஆடையோடு நிறமும் ஏறி வளையமாக நிற்கும். கன்று வீசிய உடனே எடுத்த ரத்தத்தில் தொற்று இல்லை என்று வந்தாலும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பது அவசியம். சில மாடுகளில் எதிர்ப்புப் பொருள் தாமதமாகத்தான் தெரியும்.

சந்தைக்குப் போகும் நோய்

கன்றும் போய், கறவையும் குறைந்த மாட்டை வைத்து என்ன செய்வது? தீவனச் செலவு நிற்காது. கடன் தவணை நிற்காது. தரகரைக் கூப்பிட்டு, கன்று வீசியதைச் சொல்லாமல் விற்றுவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் காரியம் என்றாலும், அதன் விளைவு பெரியது. வாங்குகிற வீட்டில் மாடு மறுபடியும் சினையாகி, கன்று போடும். அந்த வீட்டில் யாரோ ஒருவர் வெறுங்கையால் நஞ்சை எடுப்பார். உங்கள் கொட்டகைக்கு இந்த நோய் வந்ததும் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

தொற்று உறுதியான மாட்டை என்ன செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்வது என்றால், தனிக் கட்டுத்தறி, தனித் தொட்டி, கன்று ஈனும் நேரத்தில் முழுத் தனிமை, பால் முழுவதையும் காய்ச்சியே பயன்படுத்துவது ஆகிய நான்கும் வேண்டும். மற்ற மாடுகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

புதிதாக மாடு வாங்குபவர்கள் பல்லையும் மடியையும் பார்த்தால் மட்டும் போதாது. 'கடைசி ஈற்று எப்போது, கன்று எங்கே?' என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை செய்த பிறகு பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு மாதம் தனியாகக் கட்டி, மறுபடியும் பரிசோதித்த பிறகு மந்தையோடு சேருங்கள். சினைக்கு ஊர்க் காளையைத் தேடுவதைவிட, பரிசோதிக்கப்பட்ட காளைகளின் உறைவிந்து கொண்டு சினை ஊசி போடுவது பாதுகாப்பானது.

கிடேரிக்கு ஆயுளுக்கு ஒரே ஊசி

தொற்றிய மாட்டைக் குணப்படுத்தும் நம்பகமான மருந்து இல்லை. அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்தால் முழுவதும் எட்ட முடிவதில்லை. ஆனால், வராமல் தடுக்க முடியும். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு 'எஸ்-19' என்ற தடுப்பூசியை ஆயுளில் ஒரே ஒரு முறை போட்டால் போதும். பசு, எருமை இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தத் தடுப்பூசி கிடைத்த விதம் வேடிக்கையானது. 1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்ற ஆய்வாளர், ஜெர்சி மாட்டின் பாலில் இருந்து எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தார். அது ஓராண்டுக்கும் மேலாகச் சாதாரண அறை வெப்பத்தில் கிடந்தது. பிறகு சோதித்தபோது, அதன் வீரியம் குறைந்து, நோய்க்குப் பதில் எதிர்ப்புச் சக்தியைத் தருவதாக மாறியிருந்தது. அதன் வழிவந்த கிருமிதான் இன்றும் ஊசிக் குப்பியில் இருக்கிறது.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரியோடு இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிடேரிகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி போட்ட கன்றுக்குக் காதுவில்லை மாட்டிப் பதிவு செய்வார்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பிற்பாடு விற்கும்போது, 'ஊசி போட்ட கிடேரி' என்பதற்கு அதுவே சான்று. முகாம் வரும் வரை காத்திருந்து வயதைத் தவறவிடாமல், கன்றுக்கு நான்கு மாதம் நிரம்பியதும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. தப்பித்தவறி மனிதர் கையில் குத்திவிட்டால் நோய் வரலாம். அதனால் கன்றை அசையாமல் பிடித்துக்கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. மருந்தை வாங்கி நீங்களே போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி

ஒரு வாரத்துக்கு மேல் விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பு அல்லது மூட்டு வலி, ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: 'எங்க வீட்டுல மாடு இருக்கு, கன்னு வீசுச்சு, நான்தான் நஞ்சை எடுத்தேன்.' இந்த ஒரு வரி, அவர் எழுதும் பரிசோதனையை மாற்றும். கிருமி வளர்க்கும் சோதனையில் புரூசெல்லா மெதுவாகத்தான் வளரும் என்பதால், முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆய்வகத்தில் போதிய நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஆய்வகத்தில் இருப்பவர்களும் எச்சரிக்கையாகக் கையாள முடியும்.

கண்டுபிடித்துவிட்டால் குணமாகும் நோய்தான். ஆனால், மாத்திரை பத்து நாளில் முடியாது. வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டால், நோய் திரும்பி வரும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பைப் பிடிக்கும். அரிதாக இதய வால்வைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

சினை மாட்டுக்கு இப்போது எஸ்-19 ஊசி போடலாமா?
கூடாது. ஊசியாலேயே கன்று வீச வாய்ப்பு உண்டு. காளைக் கன்றுகளுக்கும் போடக் கூடாது, விதைப்பையைப் பாதிக்கும்.

தொற்றுள்ள மாட்டின் தயிர், வெண்ணெய், சீம்பால் சாப்பிடலாமா?
காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிரில் பயமில்லை. பச்சைப்பாலில் இருந்து எடுத்த வெண்ணெய் வேண்டாம். சீம்பாலை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மருந்துக்கு என்று பச்சை ஆட்டுப்பால் குடிப்பதையும் விட்டுவிடுங்கள்.

தொற்றுள்ள மாடு போட்ட கிடேரியை வளர்க்கலாமா?
பெரும்பாலான கன்றுகள் தப்பிவிடும். ஆனால், சில கிடேரிகளில் கிருமி தூங்கிக் கிடந்து, பரிசோதனையில் தெரியாமல், தலை ஈற்றின்போது வெளிப்படும். தனியாக வளர்த்து, முதல் ஈற்றுக்குப் பிறகும் ரத்தம் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்குப் பரவுமா?
மனிதரிடம் இருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. ஆனால், அதே மாட்டைக் கையாண்டவர்கள், அதே பச்சைப்பாலைக் குடித்தவர்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மனிதருக்குத் தடுப்பூசி இருக்கிறதா?
நாம் போட்டுக்கொள்ளும்படியான தடுப்பூசி இல்லை. கிடேரிக்குப் போடும் ஊசியும், கொட்டகை மூலையில் தொங்கும் ஒரு ஜோடி கையுறையும்தான் நமக்கும் காவல்.